மார்பகப் புற்றுநோயும் வைரசுகளும்: பம்பாய் தாய்ப்பால் ஆய்வின் வரலாறு

மார்பகப் புற்றுநோய்க்கு வைரசு (தீநுண்மி) காரணமாக இருக்கக்கூடுமா என்ற கேள்வி மருத்துவ அறிவியலில் ஏறத்தாழ 90 ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. சுண்டெலிகளில் இந்நோயை ஒரு வைரசு உண்டாக்குகிறது என்பதும், அது தாய்ப்பால் வழியாகக் குட்டிகளுக்குச் செல்கிறது என்பதும் ஐயமின்றி நிறுவப்பட்டவை. மனிதரிடமும் அப்படியொரு வைரசு உண்டா என்ற தேடலில் இந்தியாவுக்கு முக்கிய இடம் உண்டு. 1971-ஆம் ஆண்டு பம்பாய் (இன்றைய மும்பை) பார்சிப் பெண்களின் தாய்ப்பாலில் வைரசு போன்ற துகள்கள் காணப்பட்டதாக வெளிவந்த ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. அந்தச் சான்று பின்னர் நிலைக்கவில்லை. ஆனால் ஒரு கிருமி நோயுற்ற இடத்தில் இருப்பதற்கும், அதுவே நோய்க்குக் காரணமாக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

கோழிகளில் தொடங்கிய ஆய்வு

வைரசு புற்றுநோயை உண்டாக்கும் என்பது முதலில் கோழிகளில் அறியப்பட்டது. 1908-இல் டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் எல்லர்மன், ஒலாஃப் பேங் ஆகியோர், கோழிகளின் இரத்தப் புற்றுநோயை உயிரணுக்கள் நீக்கப்பட்ட வடிநீரின் வழியாக மற்றொரு கோழிக்குக் கடத்த முடியும் எனக் காட்டினர். பாக்டீரியாவும் புகமுடியாத நுண்ணிய வடிகட்டியைக் கடந்து வந்த ஏதோ ஒன்று நோயை உண்டாக்கியது. 1911-இல் அமெரிக்காவின் பேட்டன் ரௌஸ் கோழிகளின் தசைப் பகுதியில் தோன்றும் கட்டியைக் கொண்டு அதே முடிவுக்கு வந்தார். அன்றைய மருத்துவ உலகம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரௌசுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-இல். கண்டுபிடிப்புக்கும் பரிசுக்கும் இடையே 55 ஆண்டுகள் கடந்திருந்தன.

இன்று இந்த அறிவு தமிழ்நாட்டில் அன்றாட வழக்கமாகிவிட்டது. கொல்லிமலை அமைந்துள்ள நாமக்கல் மாவட்டம் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்றது. முட்டைக்கோழிக் குஞ்சுகளுக்குப் பொரிப்பகத்திலேயே, பொரித்த முதல் நாளில், மாரெக் நோய்க்கான தடுப்பூசி போடப்படுகிறது. மாரெக் நோய் என்பது ஹெர்பிஸ் வகை வைரசு ஒன்றால் கோழிகளுக்கு வரும் புற்றுநோய். 1907-இல் அதை விவரித்த ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக்கின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. 1960-களின் இறுதியில் உருவாக்கப்பட்ட இதன் தடுப்பூசியே, ஒரு புற்றுநோயைத் தடுக்கப் பரவலாகப் பயன்பட்ட முதல் தடுப்பூசி ஆகும். காரணம் வைரசு என்று உறுதியானால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மார்பகப் புற்றுநோய்க்கும் ஒரு வைரசைத் தேடியவர்களின் நம்பிக்கை இதுவே: வைரசு கிடைத்தால் தடுப்பூசியும் கிடைக்கும்.

சுண்டெலிப் பாலில் இருந்த காரணி

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1929-இல் நிறுவப்பட்ட ஜாக்சன் ஆய்வகத்தில், தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்விக்கப்பட்ட சுண்டெலி வகைகள் வளர்க்கப்பட்டன. சில வகைகளில் பெண் எலிகளுக்கு மார்பகக் கட்டி மிகுதியாக வந்தது. வேறு சிலவற்றில் அரிதாகவே வந்தது. இது பரம்பரை நோய் என்றே முதலில் கருதப்பட்டது.

கலப்பினச் சோதனை அந்தக் கருத்தைக் குழப்பியது. நோய் மிகுந்த வகைத் தாய்க்கும் நோய் குறைந்த வகைத் தந்தைக்கும் பிறந்த பெண் குட்டிகளில் கட்டிகள் மிகுதியாக வந்தன. தாய் தந்தை வகைகளை மாற்றியபோது கட்டிகள் குறைவாக வந்தன. இரண்டு கலப்பிலும் பெண் குட்டிகள் பெற்ற குரோமோசோம்கள் ஒரே வகைப்பட்டவை. ஆகவே நோய் தாய்வழியாக, ஆனால் குரோமோசோம்களுக்கு வெளியே உள்ள ஏதோ ஒன்றால் வருகிறது என்று 1933-இல் அந்த ஆய்வகம் அறிவித்தது.

அது என்ன என்பதை ஜான் ஜோசப் பிட்னர் 1936-இல் காட்டினார். நோய் மிகுந்த வகையில் பிறந்த குட்டிகளைத் தாயிடம் பால் குடிக்கும் முன்பே பிரித்து, நோய் குறைந்த வகைத் தாயிடம் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிகளுக்கு வளர்ந்தபின் கட்டி வருவது பெரிதும் குறைந்தது. காரணி பாலில் இருந்தது. பிட்னர் அதை வைரசு என்று அழைக்கவில்லை. 'பால் காரணி' என்ற பொருள்படும் சொற்களையே பயன்படுத்தினார். புற்றுநோய் வைரசு என்ற கருத்தே அக்காலத்தில் மதிப்பற்றதாக இருந்தது.

பின்னர் மின்னணு நுண்ணோக்கி அந்தக் காரணியைக் கண்ணுக்குக் காட்டியது. அது வைரசுதான். இன்று அது சுண்டெலி மார்பகக் கட்டி வைரசு எனப்படுகிறது. அதன் துகளில் உள்ள அடர்ந்த மையப்பகுதி நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். இவ்வடிவம் 'பி-வகைத் துகள்' எனப் பெயர் பெற்றது. பின்னாளில் மனிதப் பாலில் ஆய்வாளர்கள் தேடியது இந்த அடையாளத்தைத்தான்.

வைரசு செயல்படும் விதமும் படிப்படியாகத் தெளிவானது. பால் குடிக்கும் குட்டியின் குடலில் நுழையும் வைரசு, அங்குள்ள நோயெதிர்ப்பு அணுக்களைத் தொற்றி, அவற்றின் வழியே மார்பகத் திசுவை அடைகிறது. அது தன் மரபுச் செய்தியை எலியின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடும். செருகும் இடம் உயிரணு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றின் அருகே அமைந்துவிட்டால், அம்மரபணு ஓயாமல் இயங்கத் தொடங்கிக் கட்டி உருவாகிறது. 1982-இல் ரோல் நூசே, ஹரால்டு வார்மஸ் ஆகியோர் அப்படிப்பட்ட ஒரு மரபணுவை முதன்முதலாக இனங்கண்டனர். அது இன்று டபிள்யூ.என்.டி.-1 எனப்படுகிறது. வைரசு மட்டுமே போதாது என்பதையும் பிட்னரே வலியுறுத்தியிருந்தார். பாரம்பரியம், ஹார்மோன், பால் காரணி மூன்றும் சேர்ந்தே எலியில் நோயை உண்டாக்கின.

பம்பாய் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது

மனிதரிடம் எலிச் சோதனையைச் செய்ய முடியாது. அதற்கு நிகரான இயற்கைச் சூழல் எங்கே உள்ளது என்று ஆய்வாளர்கள் தேடினர். நோய் மிகுந்திருக்கும், தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் ஒரு மனிதச் சமூகம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அது பம்பாயில் இருந்தது.

பம்பாயில் 1941-இல் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. நோயியல் அறிஞர் வி. ஆர். கானோல்கர் தலைமையில் 1952-இல் இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையம் அங்கு உருவானது. 1963-இல் அந்நகரில் இந்தியாவின் முதல் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டது. ஒரு நகரில் யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் புற்றுநோய் வருகிறது என்பதை முறையாகக் குறித்துவைப்பதே பதிவேட்டின் பணி. மற்றச் சமூகப் பெண்களைவிடப் பார்சிப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மிகுந்திருப்பதை பம்பாய்க் கணக்குகள் காட்டின. டாட்டா நினைவு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜே. சி. பேமாஸ்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைப் பதிவு செய்திருந்தனர்.

ஈரானிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் மேற்கு இந்தியாவுக்கு வந்த சொராட்டிரிய சமயத்தவர்களே பார்சிகள். அவர்கள் பெரும்பாலும் தம் சமூகத்துக்குள்ளேயே மணம் செய்துகொண்டனர். ஜாக்சன் ஆய்வகத்தின் எலி வகைகளை மனத்தில் கொண்டிருந்தோருக்கு இந்த ஒற்றுமை ஈர்ப்பாக இருந்ததில் வியப்பில்லை. ஆனால் பார்சிப் பெண்களிடம் வேறு சில தன்மைகளும் இருந்தன. அவர்கள் படிப்பில் முன்னேறியிருந்தனர். தாமதமாக மணம் செய்தனர். குறைவான குழந்தைகளைப் பெற்றனர். மணம் செய்யாமல் வாழ்ந்தோரும் பலர். பின்னாளில் இவையே முக்கியமான விளக்கமாக மாறின.

1971-ஆம் ஆண்டு ஆய்வு

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் கேம்டனில் இருந்த மருத்துவ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டான் மூர் இந்தத் தேடலுக்குத் தலைமை தாங்கினார். பம்பாய்த் தரப்பில் பேமாஸ்டர், சத்தியவதி சிர்சாத், ஏ. பி. வைத்யா ஆகியோர் பங்கேற்றனர். சிர்சாத் இந்தியாவில் உயிரணு ஆய்வுக்கு மின்னணு நுண்ணோக்கியைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர்.

பாலூட்டும் பெண்களிடமிருந்து பால் பெறப்பட்டு, அதிலிருந்த துகள்கள் பிரிக்கப்பட்டு, நுண்ணோக்கியில் பார்க்கப்பட்டன. முடிவுகள் 1971-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. சுண்டெலி வைரசைப் போன்ற தோற்றமுடைய துகள்கள் பார்சிப் பெண்களில் 39 விழுக்காட்டினரின் பாலில் காணப்பட்டன. குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் இருந்த அமெரிக்கப் பெண்களிடம் இது 60 விழுக்காடு. அத்தகைய குடும்ப வரலாறு இல்லாத அமெரிக்கப் பெண்களிடம் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே.

இந்த எண்கள் எலிகளின் கதையோடு மிக நன்றாகப் பொருந்தின. வேறொரு துணைச் சான்றும் அதே காலத்தில் வந்தது. சில வைரசுகள் ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வை உருவாக்கும் தனி நொதியைக் கொண்டுள்ளன என்று 1970-இல் ஹோவார்டு டெமின், டேவிட் பால்டிமோர் ஆகியோர் தனித்தனியாகக் கண்டறிந்திருந்தனர். இவை பின்னோக்கு வைரசுகள் (ரெட்ரோ வைரசுகள்) எனப்படும். சுண்டெலி வைரசும் இவ்வகையே. 1971-இல் சால் ஸ்பீகல்மன் குழுவினர், மனிதப் பாலில் கிடைத்த துகள்களில் அதே போன்ற நொதியின் செயல்பாடு இருப்பதாக அறிவித்தனர். 1972-இல் அவர்கள் மனித மார்பகக் கட்டிகளில் சுண்டெலி வைரசின் ஆர்.என்.ஏ.வை ஒத்த பகுதி உள்ளதாகவும் கூறினர். 1971 இறுதியில் அமெரிக்கா தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தை இயற்றிப் பெரும்பொருள் ஒதுக்கியிருந்த காலம் அது. மனிதப் புற்றுநோய் வைரசு கைக்கெட்டும் தொலைவில் உள்ளது எனப் பலர் நம்பினர்.

சான்று ஏன் நிலைக்கவில்லை

அடுத்த சில ஆண்டுகளில் மூன்று வகையான ஐயங்கள் எழுந்தன.

முதலாவது, துகள்களைப் பற்றியது. பாலில் கொழுப்புத் துளிகளும் உயிரணுச் சிதைவுகளும் நிறைய உள்ளன. நுண்ணோக்கியில் இவற்றுள் சில வைரசு போலவே தோன்றும். தெளிவான பி-வகைத் துகளைப் பிரித்தறிவது கடினமாக இருந்தது. மேலும் பல பெண்களின் பாலைப் பார்த்தபோது, குடும்பத்தில் நோய் இல்லாதவர்களிடமும் அத்தகைய துகள்கள் காணப்பட்டன. இரு பிரிவினருக்கும் இடையே முதலில் தெரிந்த பெரிய வேறுபாடு மங்கியது. மனிதத் தாய்ப்பால் சுண்டெலி வைரசின் துகள்களைச் சிதைக்கும் இயல்புடையது என்பதையும் மூரின் குழுவே 1973-இல் அறிவித்தது. துகள் தெரிந்தால் வைரசு உண்டு, தெரியாவிட்டால் இல்லை என்ற எளிய கணக்கு இதனால் செல்லாததாயிற்று.

இரண்டாவது ஐயம் மனித மரபுத்தொகுதியிலிருந்தே வந்தது. பத்து இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மனிதரின் மூதாதையரைத் தொற்றிய பின்னோக்கு வைரசுகளின் எச்சங்கள் மனித டி.என்.ஏ.வில் நிலையாகத் தங்கியுள்ளன. அவை தாய் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு மற்ற மரபணுக்களைப் போலவே செல்கின்றன. 1980-களில் சுண்டெலி வைரசோடு ஒப்புமையுடைய எச்சங்களும் மனித டி.என்.ஏ.வில் இனங்காணப்பட்டன. 2001-இல் மனித மரபுத்தொகுதியின் முதல் வரைவு வெளிவந்தபோது, அதில் ஏறத்தாழ 8 விழுக்காடு இத்தகைய வைரசு எச்சங்கள் எனத் தெரிந்தது. எனவே கட்டியில் சுண்டெலி வைரசை ஒத்த ஆர்.என்.ஏ. இருந்தால், அது வெளியிலிருந்து தொற்றியதா, மனித உடலின் பழைய உடைமையா என்று கேட்டாக வேண்டியிருந்தது.

மூன்றாவது ஐயம் பார்சிச் சமூகத்தைப் பற்றியது. 1970-இல் பிரையன் மக்மஹோனும் பிறரும் பல நாடுகளில் நடத்திய ஆய்வு, முதல் குழந்தையை இளம் வயதில் பெறும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவு என்பதைக் காட்டியது. தாமத மணமும் குறைந்த மகப்பேறும் உள்ள எந்தச் சமூகத்திலும் இந்நோய் கூடும் என்பது இதன் பொருள். பார்சிப் பெண்களின் நிலையை விளக்கத் தனி வைரசு தேவைப்படவில்லை.

பிற்காலத் தமிழகமும் இதற்குச் சான்று தருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னை நகரின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரித்து வருகிறது. தொடக்க ஆண்டுகளில் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. பின்னர் அது தொடர்ந்து குறைய, மார்பகப் புற்றுநோய் ஏறி முதலிடத்தைப் பிடித்தது. ஒருகாலத்தில் பார்சிகளிடம் தனித்துத் தெரிந்த வாழ்க்கைமுறை, அதாவது நீண்ட படிப்பு, தாமத மணம், ஒன்றிரண்டு குழந்தைகள், நகர்ப்புறத் தமிழ்க் குடும்பங்களின் பொது வழக்கமான காலமும் அதுவே.

1995-க்குப் பின் மீண்டும் எழுந்த கேள்வி

கேள்வி முற்றிலும் மறையவில்லை. மிகச் சிறிய அளவு டி.என்.ஏ.வையும் பலமடங்கு பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். முறை வந்தபின், நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளியில் பியாட்ரிஸ் போகோ, ஜேம்ஸ் ஹாலந்து ஆகியோரின் குழு புதிய வழியில் தேடியது. மனித எச்சங்களில் காணப்படாத, சுண்டெலி வைரசுக்கே உரிய பகுதியை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். 1995-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, 314 மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளில் 121-இல் (38.5 விழுக்காடு) அப்பகுதி காணப்பட்டது. நோயற்ற 107 மார்பகத் திசுக்களில் இரண்டில் மட்டுமே அது இருந்தது.

அதன்பின் சில நாடுகளில் இம்முடிவு உறுதிசெய்யப்பட்டது. வேறு சில ஆய்வகங்கள் தேடியும் எதையும் காணவில்லை. பி.சி.ஆர். முறையின் வலிமையே அதன் குறையும் ஆகும். சுண்டெலி டி.என்.ஏ. ஆய்வகங்களில் எங்கும் பரவியுள்ளது; வேதிப்பொருள் குப்பியில் அதன் சிறு துணுக்குக் கலந்தாலும் வைரசு இருப்பதாகவே முடிவு வரும். இந்த ஆபத்து கற்பனை அல்ல. 2006-இல் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரசு புராஸ்டேட் புற்றுநோயில் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அது ஆய்வகத்தில் எலி வைரசுகள் இணைந்து உருவானது என்பதும், மாசுபாட்டால் மாதிரிகளில் தெரிந்தது என்பதும் 2011-இல் தெளிவாயிற்று. 2012-இல் முதல் ஆய்வறிக்கை திரும்பப் பெறப்பட்டது.

குற்றஞ்சாட்டப்பட்ட பிற வைரசுகள்

மனிதப் பாப்பிலோமா வைரசு கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதை ஹரால்டு சுர் ஹவுசன் 1980-களில் நிறுவினார்; 2008-இல் நோபல் பரிசு பெற்றார். அதே வைரசு மார்பகத்திலும் இருக்கலாம் எனச் சில நாடுகளில் கூறப்பட்டது. இந்தியப் பெண்களின் மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து பூதேவ் தாஸ் உள்ளிட்டோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த வைரசு அவற்றில் இல்லை என அறிவித்தது.

எப்ஸ்டைன்–பார் வைரசு சில கட்டிகளில் காணப்பட்டதாக 1990-களில் அறிக்கைகள் வந்தன. ஆனால் வயதுவந்தோரில் மிகப் பெரும்பாலோர் இவ்வைரசைத் தம் வெள்ளை அணுக்களில் வாழ்நாள் முழுவதும் சுமக்கின்றனர். கட்டிக்குள் புகுந்த வெள்ளை அணுவிலிருந்து வந்ததா, புற்றணுவிலேயே இருந்ததா என்று பிரித்தறியாதவரை அது சான்றாகாது.

மாடுகளுக்கு இரத்தப் புற்றுநோய் தரும் வைரசின் டி.என்.ஏ. மனித மார்பகத் திசுவில் காணப்பட்டதாக கலிபோர்னியாவின் கெர்ட்ரூடு பியூரிங் குழு 2014, 2015-ஆம் ஆண்டுகளில் கூறியது: நோயுற்றோரில் 59 விழுக்காடு, நோயற்றோரில் 29 விழுக்காடு. மார்பகக் கட்டிகளின் முழு மரபுத்தொகுதித் தரவுகளில் தேடிய வேறு ஆய்வாளர்கள் 2016-இல் அதைக் காணவில்லை. இந்த வைரசு சூட்டில் அழிந்துவிடும். தமிழ்நாட்டு வீடுகளில் பசும்பாலைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கமே அதற்குப் போதிய காப்பு.

2013-இல் 19 வகைப் புற்றுநோய்களைச் சேர்ந்த 4,433 கட்டிகளின் ஆர்.என்.ஏ. தரவுகளில் வைரசுகள் தேடப்பட்டன. கருப்பை வாய், கல்லீரல் போன்றவற்றில் எதிர்பார்த்த வைரசுகள் தெளிவாகத் தென்பட்டன. மார்பகப் புற்றுநோயில் அப்படி எந்த வைரசும் உறுதியான தொடர்போடு வெளிப்படவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என உறுதிசெய்துள்ள வைரசுகளுள் எதுவும் இன்றுவரை மார்பகப் புற்றுநோயின் காரணியாக ஏற்கப்படவில்லை.

தாய்ப்பால் குற்றமற்றது

இந்த வரலாற்றில் மிகப் பெரிய பொறுப்பு தாய்ப்பால் தொடர்பானது. பாலில் புற்றுநோய் வைரசு இருக்கலாம் என்ற செய்தி, குறிப்பாகக் குடும்பத்தில் நோய் உள்ள பெண்கள் தம் மகள்களுக்குப் பாலூட்டலாமா என்ற கேள்வியை எழுப்பியது. குழந்தைகள் வயிற்றுப்போக்காலும் ஊட்டக்குறைவாலும் பெருமளவில் இறந்துகொண்டிருந்த ஒரு நாட்டில், தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வது உயிரிழப்பில் முடிந்திருக்கும்.

விடை மக்கள்தொகைக் கணக்குகளில் இருந்தது. பால்தான் வழி என்றால், புட்டிப்பால் பரவிய நாடுகளில் அடுத்த தலைமுறையில் இந்நோய் குறைந்திருக்க வேண்டும். அப்படி எங்கும் குறையவில்லை. தாய்ப்பால் குடித்து வளர்ந்த மகள்களுக்கு நோய் கூடியதாகவும் தெரியவில்லை. 2002-இல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 'லான்செட்' இதழ் வெளியிட்ட பகுப்பாய்வு இதற்கு நேர்மாறான ஒரு நன்மையைக் காட்டியது. ஒரு பெண் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.3 விழுக்காடு குறைகிறது. ஒவ்வொரு மகப்பேறும் மேலும் 7 விழுக்காடு குறைக்கிறது.

பால் வழியே புற்றுநோய் வைரசு மனிதரிடம் பரவுவதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1980-இல் கண்டறியப்பட்ட எச்.டி.எல்.வி.-1 என்ற வைரசு ஒருவகை இரத்தப் புற்றுநோயை உண்டாக்குகிறது. தாய்ப்பால் அதன் முக்கிய வழிகளுள் ஒன்று. ஜப்பானின் நாகசாகிப் பகுதியில் 1987 முதல் கருவுற்ற பெண்களுக்கு இரத்தச் சோதனை செய்து, வைரசு உள்ளவர்களைப் பாலூட்டாதிருக்கச் சொல்லும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளுக்குத் தொற்றுவது பெரிதும் குறைந்தது. அங்கு வைரசு, அதன் வழி, அதன் விளைவு மூன்றும் உறுதிசெய்யப்பட்டிருந்தன. பம்பாயில் இவற்றுள் ஒன்றும் உறுதியாகவில்லை. ஒரே அறிவுரை ஓரிடத்தில் காப்பாகவும் மற்றோரிடத்தில் கேடாகவும் அமைவது இந்த வேறுபாட்டினால்தான்.

காரணம் என்று எப்போது சொல்லலாம்

ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் 1965-இல் வகுத்த அளவைகள் இவ்விடத்தில் உதவும். நோய்க்கு முன்பே வைரசு உடலில் இருந்திருக்க வேண்டும். வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு முறைகளில் அதைக் காண வேண்டும். அது புற்றணுக்களுக்குள் இருக்க வேண்டும். அது நோயை உண்டாக்கும் வழி விளங்க வேண்டும். அதைத் தடுத்தால் நோய் குறைய வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயில் இவை அனைத்தும் நிறைவேறின. அதனால் தடுப்பூசி உருவானது. மார்பகப் புற்றுநோயில் சுண்டெலி வைரசு எப்படி வேலை செய்யக்கூடும் என்பது மட்டுமே நன்கு விளங்கியுள்ளது. மற்ற நிபந்தனைகள் நிறைவேறவில்லை. உலகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 13 விழுக்காடு தொற்றுகளால் வருபவை என 2018-ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகிறது. மார்பகப் புற்றுநோய் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

ஒரு பெண்ணின் நோக்கில் இதன் பொருள் எளியது. மார்பகப் புற்றுநோய் தொட்டால் ஒட்டும் நோயல்ல. பாலூட்டுவதால் மகளுக்குச் செல்வதுமில்லை. நோயுற்றவரைத் தனித்து வைக்கவோ, அவருடைய பாத்திரத்தையும் துணியையும் ஒதுக்கவோ மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. தொற்றும் என்ற அச்சத்தால் கட்டியை மறைத்துவைப்பதே பெரிய கேடு.

தடுப்பூசி இல்லாத நிலையில் காலத்தோடு கண்டறிவதே கையில் உள்ள வழி. 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் 1,78,361 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 90,408 பேர் இறந்தனர். பார்சிப் பெண்களின் பாலை ஆராய்ந்த அதே டாட்டா நினைவு மையம், 1998 முதல் மும்பையில் 1,51,538 பெண்களைக் கொண்டு வேறொரு ஆய்வை நடத்தியது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தனர். விலையுயர்ந்த கருவி எதுவும் பயன்படுத்தப்படவில்லை. 20 ஆண்டு முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முன்கூட்டியே கண்டறியப்பட்டது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பில் உறுதியான குறைவு தெரியவில்லை. ஆனால் 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது.

கொல்லிமலை போன்ற பகுதிகளுக்கு இம்முடிவு மிகவும் பொருந்தும். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ சென்றால்தான் பெரிய மருத்துவமனை என்ற நிலையில் உள்ள மலைவாழ் பெண்களுக்கு, மேமோகிராம் கருவியைவிடப் பயிற்சி பெற்ற ஒரு கிராமச் சுகாதாரச் செவிலியரே எளிதில் கிடைக்கக்கூடியவர். வலியில்லாத கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், தோல் சுருக்கம், அக்குளில் நெறி கட்டுதல் ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். வைரசு உண்டா இல்லையா என்ற ஆய்வு ஒருபுறம் தொடரலாம். அதன் விடைக்காக இந்தப் பணி காத்திருக்க வேண்டியதில்லை.